பிரேக்கை மிதித்தால் கேரவன் விளக்கெல்லாம் மங்குகிறது, மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டுகிறது. எங்கே பார்ப்பது?

தெற்குக்கரைப் பயணி (பென்டில் ஹில், சிட்னி)

வணக்கம். போன கிழமை நடந்ததைச் சொல்லி ஆலோசனை கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். விவரம் குறைந்தால் பதிலும் குத்துமதிப்பாகத்தான் வரும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

கேரவன் 2012இல் செய்தது. 18 அடி, இரட்டை அச்சு, நான்கு சக்கரத்துக்கும் மின் பிரேக், முழுப் பாரத்தோடு 2,500 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் ஒரு வயதான தம்பதியிடம் வாங்கினோம். அவர்கள் பெரும்பாலும் கடற்கரைப் பக்கம்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். இழுக்கிற வாகனம் 2011 டீசல் ஃபோர் வீல் டிரைவ். பிளக், இங்கே எல்லோரிடமும் இருக்கிற 7 பின் தட்டைப் பிளக்.

பள்ளி விடுமுறைக்கு ஜெர்விஸ் பே போவதாகத் திட்டம். எங்கள் வீட்டில் இருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வெள்ளி பின்னேரம் புறப்பட்டு, ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. மச்சான் குடும்பம் பின்னால் தங்கள் காரில் வந்தார்கள். மோட்டார்வேயில் ஏறிப் பத்து நிமிடம் இருக்கும், மச்சானின் மனைவி போன் எடுத்தார். "அண்ணா, நீங்கள் இடது பக்கம் சிக்னல் போட்டால் பின்விளக்கு ரெண்டும் சேர்ந்து மினுங்குது. பிரேக் பிடித்தால் எல்லாம் மங்கிப் போகுது" என்றார்.

அந்த நேரத்தில்தான் பிரேக் கன்ட்ரோலரை, அதாவது கேரவனின் மின் பிரேக்கை இயக்க என் பக்கத்தில் இருக்கும் கருவியை, கவனித்தேன். கேரவன் இணைந்திருக்கிறது என்று காட்டும் சின்ன விளக்கு விட்டு விட்டு அணைந்துகொண்டிருந்தது. ரோட்டில் சின்னக் குலுக்கல் வந்தால் அணையும், மறுபடி வரும். அடுத்தது மவுண்ட் ஊஸ்லி இறக்கம். அந்த வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், வொல்லங்காங் வரை ஒரே சரிவு, பக்கத்துத் தடத்தில் லாரிகள் சின்ன கியரில் உறுமிக்கொண்டு இறங்கும். பின்னால் இரண்டு டன்னுக்கு மேல் பாரம், அதன் பிரேக் வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியாது, பின் இருக்கையில் மூன்று பிள்ளைகள். இறக்கம் தொடங்குமுன் ஓரம் கட்டி, ஹசார்ட் போட்டு, பிளக்கைக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டினேன். கன்ட்ரோலர் விளக்கு நின்று எரிந்தது. கையால் அழுத்தும் நெம்பைத் தள்ளிப் பார்த்தேன், கேரவன் பிடித்தது. இரண்டாவது கியரில், ஊர்ந்து இறங்கினேன். கீழே போய்ச் சேரும் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜெர்விஸ் பே கரையில் இருக்கும் ஹஸ்கிசனில் போய்ச் சேர்ந்து பார்த்தால் குளிர்பெட்டியும் சரியாகக் குளிரவில்லை. வண்டி ஓடும்போது 12 வோல்ட்டிலும், மற்ற நேரம் காஸிலோ வீட்டுக் கரன்ட்டிலோ ஓடும் மூன்று வழிக் குளிர்பெட்டி அது. பாலைக் கொட்ட வேண்டி வந்தது.

இனி நான் பார்த்தவை.

பல்புகள் எல்லாம் நல்லவை. ஃப்யூஸ் ஒன்றும் போகவில்லை. நண்பரின் சின்ன டிரெய்லரை என் வாகனத்தில் மாட்டினால் அதன் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிகின்றன. கேரவன் பக்கம் மல்டிமீட்டர் வைத்து, பிளக்கின் வெள்ளை வயரில் இருந்து கேரவன் சட்டம் வரை கன்டினியூட்டி (இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று) பார்த்தேன், பீப் சத்தம் வந்தது. வாகனத்து சாக்கெட்டில் ஒவ்வொரு பின்னாகப் பார்த்தேன், எல்லாவற்றிலும் 12.5 வோல்ட். ஒரு விஷயம்: பகலில், ஹெட்லைட் போடாமல் பிரேக்கை மட்டும் மிதித்தால் கேரவனின் முன்பக்க மூலை விளக்குகளும் லேசாகச் சிவந்து தெரிகின்றன. அவற்றுக்கும் பிரேக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லையே!

ஒரு பட்டறையில் காட்டினேன். முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள், சொன்ன தொகை என்னால் இப்போது முடியாது. அடுத்த விடுமுறைக்கு முன் இதைச் சரி செய்யாமல் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். எங்கிருந்து தொடங்கலாம்?

—

ஸ்வான் ஆற்றங்கரை (பெர்த்)

எனக்கும் இதே மாதிரி மினுக்கல் வந்தது. காரணம் எல்இடி. புது வண்டிகள் பல்பு ஃப்யூஸ் ஆகிவிட்டதா என்று பார்க்க நொடிக்கு நொடி சின்னத் துடிப்பாகக் கரன்ட் அனுப்பும். சாதா பல்பு சூடாக நேரம் எடுப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரியாது. எல்இடி உடனே எரிந்து அணைவதால் மினுங்குவது போலத் தெரியும். ஒவ்வொரு பக்கமும் ஒரு லோட் ரெசிஸ்டர் (சாதா பல்பு போலக் கரன்ட் எடுக்கும் தடை) போட்டதும் நின்றுவிட்டது. உங்கள் கேரவனில் எல்இடியா?

—

தெற்குக்கரைப் பயணி

இல்லை, எல்லாம் பழைய இழை பல்புகள்தான். பின்பக்கம் 21 வாட்டும் 5 வாட்டும் சேர்ந்த இரட்டை இழை பல்பு. வாகனமும் பழசு என்பதால் அப்படித் துடிப்பு அனுப்பும் வகை இல்லை என்று நினைக்கிறேன். பதிலுக்கு நன்றி.

—

டெஸ்ட் லேம்ப் (வொல்லங்காங்)

தம்பி, அந்த இறக்கத்தின் அடிவாரத்தில்தான் நான் இருக்கிறேன். நிறுத்திப் பிளக்கைப் பார்த்து, கை நெம்பைத் தள்ளிச் சோதித்த பிறகு இறங்கினீர்கள் பாருங்கள், அது ரொம்பச் சரியான வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதி வேலைக்காலம் கோவையில், மீதி இங்கே.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. இடது சிக்னல் போட்டால் பின்விளக்கு மினுங்குகிறது, பிரேக் பிடித்தால் எல்லாம் மங்குகிறது, சம்பந்தமில்லாத மூலை விளக்கு எரிகிறது. ஒரு வயரின் வேலையில் இன்னொரு விளக்கு தலையிடுகிறது என்றால், அந்த விளக்குகளுக்கெல்லாம் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். போகிற வழி எல்லாவற்றுக்கும் தனித்தனி. மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிரேக் விளக்கு, பழுப்பு பின்விளக்கு, நீலம் மின் பிரேக், கறுப்பு ரிவர்ஸ். திரும்பி வருகிற வழி மட்டும் ஒன்றே ஒன்று: மூன்றாம் பின், வெள்ளை வயர், எர்த். அது அடைத்துக்கொண்டால் கரன்ட் சும்மா நிற்காது, வேறு சந்து தேடும். பிரேக் இழை வழியாக வந்த கரன்ட், பக்கத்தில் இருக்கும் 5 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பழுப்பு வயர் வழியாக உங்கள் வாகனத்துப் பின்விளக்கைப் பிடித்து பாடிக்குப் போய்ச் சேரும். அப்படிச் சுற்றிப் போகிற வழியில்தான் மூலை விளக்கு சிவக்கிறது.

இப்போது அந்த வெள்ளை வயர் எவ்வளவு சுமக்கிறது என்று கணக்குப் போடுங்கள். மின் பிரேக்கில் சக்கரத்துக்கு ஒரு மின்காந்தம்தான் பிரேக்கைப் பிடிக்க வைக்கும், 10 அங்குல டிரம்மில் ஒரு காந்தம் 3 முதல் 4 ஆம்பியர் எடுக்கும். உங்களுக்கு நான்கு. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் அதுவே 12 ஆம்பியருக்கு மேல். அதன் மேல் பிரேக் விளக்கு இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர், பின்விளக்கு, மூலை விளக்கு. எல்லாம் அந்த ஒரே வயரில் திரும்ப வேண்டும். நண்பரின் சின்ன டிரெய்லரில் காந்தமே இல்லை, அதனால்தான் அதில் குறை தெரியவில்லை. ஆகவே அந்தச் சோதனையை வைத்து வாகனம் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், இன்னும் பார்க்க வேண்டும்.

"மீட்டரில் 12.5 காட்டுகிறதே, பீப் வருகிறதே" என்பீர்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கோவையில் பட்டறையில் வேலை பழகிய காலத்தில் எங்கள் கையில் மீட்டர் கிடையாது. ஒரு ஹோல்டர், ஒரு 21 வாட் பல்பு, இரண்டு வயர். அதுதான் டெஸ்ட் லேம்ப். லாரி, டிராக்டர் எல்லாம் அதை வைத்தே பார்த்தோம். இங்கே வந்து நல்ல மீட்டர் வாங்கிய பிறகும் என் பெட்டியில் அந்த பல்பு இருந்தது. காரணம் சொல்கிறேன். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 12 வோல்ட்டைப் பார்க்க அது எடுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். முப்பது இழை வயரில் இருபத்தொன்பது அறுந்து ஒரே இழை தொங்கிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு மைக்ரோ ஆம்பியர் தாராளமாகப் போகும், மீட்டர் 12.5 என்று காட்டும். கன்டினியூட்டி பீப்பும் அப்படித்தான். அதே வயரில் 21 வாட் பல்பை மாட்டுங்கள், அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கும். வயர் கெட்டிருந்தால் பல்பு மங்கிக் காட்டிக்கொடுக்கும். பாரம் ஏற்றாமல், அதாவது நல்ல கரன்ட் ஓட விடாமல், வயரைச் சோதிக்கக் கூடாது தம்பி.

சரி, செய்ய வேண்டியது. சமதரையில் நிறுத்தி, கேரவனின் கைப்பிரேக்கைப் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். பிளக் மாட்டியபடியே இருக்கட்டும். ஹெட்லைட் போட்டு, வீட்டில் ஒருவரைக் கன்ட்ரோலர் நெம்பை முழுவதும் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். வாகனத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு முனை, கேரவன் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் மறு முனை. நீளம் பத்தாது, ஒரு ஒற்றை வயரை நீட்டிக்கொள்ளுங்கள். மீட்டர் கரன்ட் எடுக்காததால் மெல்லிய வயரே போதும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ கோளாறு.

அப்புறம் ஜாக்கி வீலை இறக்கி, கப்ளிங்கை (கேரவனின் இணைப்புத் தலை) டோபாலில் (வாகனத்தின் இழுவை உருண்டை) இருந்து தூக்கி விடுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கழற்றுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். எண் தாவி ஏறினால், இத்தனை நாளும் உங்கள் எர்த் டோபால் வழியாகவும் சங்கிலி வழியாகவும்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. குலுக்கலில் கன்ட்ரோலர் விளக்கு அணைவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஏறினால், அடுத்து நடுவில் பிரியுங்கள். பேட்டரி நெகட்டிவில் வைத்த முனையை அசைக்காமல், மறுமுனையை மட்டும் நகர்த்திக்கொண்டே வாருங்கள்: சாக்கெட்டின் பின்பக்கம் மூன்றாம் பின், பிளக்கின் மூடியைக் கழற்றினால் தெரியும் வெள்ளைத் திருகு, கேரவன் முன்சட்டத்தில் இருக்கும் ஜங்ஷன் பெட்டி, சட்டத்தில் எர்த் போல்ட். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் வோல்ட் குதிக்கிறதோ அங்கேதான் குறை. ஒவ்வொரு அளவுக்கும் ஐந்தாறு நொடி போதும், நெம்பைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், கெட்ட இணைப்பு சூடாகும்.

எண்களை எழுதி வைத்து இங்கே போடுங்கள். வயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னவர்கள் இதைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. பத்துப் பைசா லக்குக்காக (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

—

யாரா நதிப்பக்கம் (மெல்பர்ன்)

அண்ணா, குளிர்பெட்டியைப் பற்றி மட்டும் என் அனுபவம். அதுவும் வெள்ளை வயரின் பிரச்சினையாக இருக்கலாம், ஆனால் எர்த் சரியான பிறகும் குளிரவில்லை என்றால் இதைப் பாருங்கள்.

எங்களுடைய வண்டி 2018. அதில் ஆல்டர்னேட்டரை வண்டியின் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்துவிட்டால் வோல்ட்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும். கேரவன் பேட்டரி அடிலெய்டு போய்ச் சேரும்போதும் பாதியில்தான் நின்றது. வண்டியில் இருந்து வரும் வோல்ட்டேஜை ஏற்றிக் கேரவன் பேட்டரியை நிறைக்கும் டிசி டு டிசி சார்ஜர் போட்ட பிறகுதான் சரியாயிற்று. உங்கள் வண்டி பழையது என்பதால் அது தேவைப்படாமலும் போகலாம். ஒன்று கவனம்: குளிர்பெட்டிக்குத் தனி வயர் வேண்டும். டிசி டு டிசி சார்ஜர் வழியாக அதையும் ஓட்டினால் சார்ஜர் கொடுப்பதில் பாதியைக் குளிர்பெட்டியே தின்றுவிடும், பேட்டரிக்கு மிச்சம் வராது. எங்களுக்கு அப்படித்தான் ஒரு பயணம் முழுக்க வீணானது.

—

தெற்குக்கரைப் பயணி

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஞாயிறு காலை தொடங்கினேன். மகள் நெம்பைப் பிடித்தாள், மகன் எண்களை எழுதினான்.

கப்ளிங் மாட்டியிருந்தபோது, பேட்டரி நெகட்டிவில் இருந்து கேரவன் சட்டம் வரை 1.9 வோல்ட். கப்ளிங்கைத் தூக்கிச் சங்கிலிகளையும் கழற்றியதும் 6.1. மகன் நான் தவறாகச் சொன்னதாக நினைத்து இரண்டு முறை கேட்டான். அந்த நேரம் பின்விளக்குகள் சுருட்டு நெருப்புப் போலத்தான் தெரிந்தன. அதாவது மவுண்ட் ஊஸ்லியில் என் பிள்ளைகளோடு இறங்கியபோது, கேரவனின் பிரேக் கரன்ட் பெரும்பகுதி டோபால் வழியாகத்தான் திரும்பியிருக்கிறது. இரவு அதை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

பிறகு நீங்கள் சொன்னபடி நகர்த்தினேன். சாக்கெட்டின் மூன்றாம் பின்னில் 0.2. பிளக்கின் வெள்ளைத் திருகில் 0.3. ஜங்ஷன் பெட்டிக்குள் வெள்ளை வயர் வந்து சேரும் இடத்தில் 0.4. சட்டத்தில் 6.1. ஆகவே பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில், ஒரு சாண் தூரத்துக்குள் முழுக் கோளாறும்.

பெட்டி முன்சட்டத்தின் கீழ்ப்பக்கம், காஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அன்றைக்கு மூடியை மட்டும் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு விட்டிருந்தேன். இம்முறை விளக்கை வைத்து, தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு குட்டை வெள்ளை வயர் வெளியே வந்து சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிகிறது. போல்ட்டின் தலை மேலே பெயின்ட் அடித்திருந்ததால் வெளியே நல்லதாகத் தெரிந்தது. கழற்றினால், வளைய லக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிவப்புத் துரு, அதன் அடியிலும் பெயின்ட். லக்கைத் தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. மூன்றோ நான்கோ இழைதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற இழைகள் பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தன. மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பார்த்தேன், உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. பெட்டிக்குள் போகிற வரை அதே கறுப்பு. பெட்டிச் சுவரில் அந்த வயர் உரசிய இடம் பழுப்பேறி லேசாக உருகியும் இருந்தது. இன்னும் இரண்டு பயணம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதற்கு ஒரு கை தூரத்தில்தான் காஸ் சிலிண்டர்.

அந்தக் குட்டை வயரை மொத்தமாக எடுத்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறேன். எந்த அளவு வயர்? கடையில் 4 எம்எம், 5 எம்எம், 6 எம்எம் என்று இருக்கிறது. 4 எம்எம் என்றால் 4 ஸ்கொயர்தானே, போதும் அல்லவா? போல்ட் இடத்தில் என்ன பூச வேண்டும்?

—

டெஸ்ட் லேம்ப்

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது பெரிய சந்தோஷம்.

வயர் வாங்குமுன் கேட்டதும் நல்லதாகப் போயிற்று. நம் ஊரில் 4 ஸ்கொயர் என்றால் செம்பின் குறுக்குப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர். இங்கே ஆட்டோ கடையில் 4 எம்எம் என்று விற்பது உறையோடு சேர்த்து வயரின் மொத்தத் தடிமன். உள்ளே இருக்கும் செம்பு 1.84 சதுர மில்லிமீட்டர்தான். 5 எம்எம் என்பது ஏறத்தாழ 2.9, 6 எம்எம் என்பது 4.6 சதுர மில்லிமீட்டர். நம் ஊரில் இருந்து வந்த நல்ல நல்ல வேலைக்காரர்களே இதில் தவறியதைப் பார்த்திருக்கிறேன், நானும் வந்த புதிதில் ஒரு படகு டிரெய்லரில் செய்தேன். நீங்கள் அந்த எர்த்துக்கு 6 எம்எம் போடுங்கள். முடிந்தால் ஈயம் பூசிய செம்பு இழை உள்ள வயர், கடல் பக்கம் போகிறவர்களுக்கு அதுதான் தாங்கும்.

போல்ட் இடத்தை உப்புத்தாள் வைத்து வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்க்கவும். லக்கை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்கியது நிற்காது. அதன் கழுத்தில் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். போல்ட்டுக்கு அடியில் பல் வாஷர். முதலில் இரும்போடு இரும்பாக இறுக்குங்கள், அதற்கு அப்புறம் மேலே வாஸ்லின் தடவுங்கள், அல்லது பெயின்ட் அடியுங்கள். அந்தக் கேரவனில் முதலில் பெயின்ட் அடித்துவிட்டு அதன் மேல் லக்கை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். திருகின் புரி வழியாக மட்டும் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

பெட்டியைத் திறந்திருக்கும்போதே நீல வயரின் இணைப்பையும் பாருங்கள். வயரை வெட்டாமல் மேலே கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் இருந்தால் எடுத்துவிட்டு கிரிம்ப் செய்யுங்கள். முடிந்ததும் நீல வயரில் ஆம்பியர் பாருங்கள். நெம்பு முழுவதும் தள்ளியபடி 12க்கும் 15க்கும் நடுவில் வந்தால் நான்கு காந்தமும் உயிரோடு இருக்கின்றன. 9 பக்கம் வந்தால் ஒன்று போயிருக்கிறது.

உங்கள் எடைக்கு இழுவை அறுந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் பேட்டரி கட்டாயம் இருக்கும், 2,000 கிலோவுக்கு மேல் சக்கரங்களில் இறங்கும் கேரவன் எல்லாவற்றுக்கும் அது சட்டம். அறுந்த பிறகு குறைந்தது 15 நிமிடம் பிரேக்கைப் பிடித்துவைக்க வேண்டும். அந்தப் பேட்டரியின் எர்த்தும் இந்தச் சட்டத்துக்குத்தான் வந்திருக்கும், அந்த போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். அந்தப் பேட்டரியின் சுவிட்சில் இருக்கும் ஊசியைப் பிடுங்கிச் சோதிப்பதற்கு முன் இழுக்கிற வாகனத்தில் இருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கன்ட்ரோலருக்குள் கரன்ட் திரும்பிப் போகும்.

—

தெற்குக்கரைப் பயணி

ஐயா, வேலை முடிந்தது. 6 எம்எம் வயர் ஒன்றரை மீட்டர், லக் ஆறு, பசைக்குழாய் ஒரு பாக்கெட். கிரிம்ப் கருவியை மச்சான் தந்தார். நீங்கள் சொன்ன கவ்விக் கிளிப் நீல வயரில் இருந்தது, ஒன்றல்ல இரண்டு. எடுத்துவிட்டேன்.

கப்ளிங் தூக்கிய நிலையில், சங்கிலி இல்லாமல், முழுப் பாரத்தில் 6.1 இருந்த இடத்தில் இப்போது 0.4 வோல்ட். நீல வயரில் 13 ஆம்பியர். இடது சிக்னல் போட்டால் இடது விளக்கு மட்டும் மினுங்குகிறது! பகலில் பிரேக்கை மிதித்தால் மூலை விளக்குகள் இருட்டாக இருக்கின்றன. அறுந்தால் பிடிக்கும் பேட்டரியின் எர்த் போல்ட்டும் துருப்பிடித்திருந்தது, அதையும் அதேபோலச் செய்தேன். ஊசியைப் பிடுங்கி நேரம் பார்த்தோம், 20 நிமிடம் கழித்தும் சக்கரம் அசையவில்லை.

பெரிய கடைத்தொகுதியின் வெறும் பார்க்கிங்கில் மெதுவாக ஓட்டி பிரேக்கின் அளவைச் சரிசெய்தேன். முன்பு கன்ட்ரோலரில் 8 வரை கூட்டி வைத்திருந்தேன், இப்போது 5லேயே சக்கரம் இறுகுகிறது. பிரேக் போதவில்லை என்று நினைத்து நான் கூட்டிக்கொண்டே போனது எர்த் இல்லாததால்தான் என்று இப்போது புரிகிறது.

குளிர்பெட்டிதான் மிச்சம். மெல்பர்ன் தங்கச்சி சொன்னதைப் பார்த்து, இயந்திரத்தை ஓட விட்டு அளந்தேன். பேட்டரியில் 13.9, குளிர்பெட்டியின் பின்பக்கம் 11.2. வயர் தொட்டால் இளஞ்சூடு. நீங்கள் சொன்ன கணக்கில் அது 4 எம்எம் வயர்தான், உறையின் தடிமன் பார்த்தேன்.

—

டெஸ்ட் லேம்ப்

அந்த 0.4ஐ அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த வருஷம் அளக்கும்போது ஒப்பிட உதவும்.

குளிர்பெட்டிக்கு 12 ஆம்பியர் என்று வையுங்கள். போகவும் வரவும் 14 மீட்டர் வயர். 1.84 சதுர மில்லிமீட்டர் செம்பில் 1.6 வோல்ட் வயருக்குள்ளேயே போய்விடும். உங்களுக்கு 2.7 போகிறது, ஆகவே இணைப்புகளிலும் ஒரு வோல்ட் தொலைகிறது. இந்த வகைக் குளிர்பெட்டி உள்ளே ஒரு கம்பியைச் சூடாக்கித்தான் குளிர்விக்கும். சூடாக்கும் கம்பிக்கு வோல்ட் குறைந்தால் சக்தி இருமடங்கு வேகத்தில் குறையும். 12க்குப் பதில் 11.2 வந்தால் 87 சதவீதச் சூடுதான், வெயில் நாளில் அது பத்தாது.

வாகனத்து பேட்டரியில் இருந்து பின் பம்பர் வரை 6 பி அண்ட் எஸ் என்ற அளவுள்ள தடித்த இரட்டை வயர் இழுத்து, அதிகக் கரன்ட் தாங்கும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் போடுங்கள். அது 13.5 சதுர மில்லிமீட்டர், 14 மீட்டருக்குக் கால் வோல்ட்கூடப் போகாது. எர்த்தையும் அதே தடிமனில் பேட்டரி வரை கொண்டுபோங்கள், பம்பரில் முடிக்காதீர்கள். எங்கே முடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். பேட்டரியில் இருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். சாவியை அணைத்தால் தானாகத் துண்டிக்கும் ரிலேயும் வேண்டும், இல்லாவிட்டால் கோயிலில் கும்பிட்டு வருவதற்குள் குளிர்பெட்டி உங்கள் பேட்டரியைக் குடித்துவிடும்.

பழைய குளிர்பெட்டி ஃப்யூஸ் அடிக்கடி போனது என்று யாராவது பெரிய ஃப்யூஸ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 4 எம்எம் வயரில் 15க்கு மேல் கண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

—

தெற்குக்கரைப் பயணி

இப்போதுதான் போய்ப் பார்த்தேன் ஐயா. 30 போட்டிருக்கிறது. எடுத்துவிட்டேன். வயர் வாங்க சனிக்கிழமை போகிறேன், அதுவரை குளிர்பெட்டி காஸில் மட்டும், நிறுத்தி வைத்திருக்கும்போது.